படர்தாமரை வந்த வீடு: துணி அலசும் கிருமிநாசினிக்கு மலிவாக வேறு என்ன வழி?

குன்னூர்க்காரி:

வணக்கம். விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். ஆகஸ்டு கடைசியில் வீட்டுக்காரருக்கு இடுப்பில், பெல்ட் படுகிற இடத்தில், வட்டமாக அரிப்பு வந்தது. அவரே ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். நாலு நாளில் மறைந்த மாதிரி இருந்து, பத்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் பெரியவனுக்கு, அப்புறம் எனக்கு. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது படர்தாமரை, அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அதனால்தான் இப்படிப் படர்ந்திருக்கிறது என்றார். மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்து, துணியெல்லாம் தனியாகத் துவையுங்கள், கடைசி அலசலில் கிருமிநாசினி ஊற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கிருமிநாசினிதான் இப்போது பிரச்சினை. துணிக்கென்றே விற்கிற பாட்டில், இருநூறு ரூபாய்க்கு மேல். நாலு பேர் துணி, துண்டு, போர்வை என்று தினமும் ஒரு சுமை வந்தால் ஒரு பாட்டில் பத்து நாள்கூட வருவதில்லை. டாக்டர் எட்டு வாரம் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு இங்கே ஐப்பசி மழை. துணி காயவே காயாது, மூன்று நாள் கொடியில் கிடந்தும் கையில் எடுத்தால் ஜில்லென்று ஈரம், பெட்டியில் வைத்தால் மொச்சை வாடை. என் மெஷின் மேல்பக்கம் திறக்கிறது, தண்ணீரைச் சுட வைக்கிற வசதி அதில் இல்லை.

இதைவிட மலிவாக, ஆனால் உண்மையிலேயே பூஞ்சையைக் கொல்கிற மாதிரி ஏதாவது உண்டா? பக்கத்து வீட்டில் சவ்லான் போதும் என்கிறார்கள். என் அத்தை வேப்பிலை போடச் சொல்கிறார். யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சீகைவிறகு (கோத்தகிரி):

அக்கா, எங்கள் வீட்டில் போன வருஷம் இதே கதை. நான் எஸ்டேட்டில் ஃபீல்டு வேலை. மழையில் கம்பூட்ஸுக்குள் தண்ணீர் போய், சாயங்காலம் வரைக்கும் அந்த ஈரக் காலோடேயே நிற்போம். கால் விரலிடுக்கில் ஆரம்பித்தது தொடை வரைக்கும் வந்தது. எங்கள் லயனில் ஏழெட்டு வீட்டில் இருந்தது. வெட்கப்பட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நானும் அந்த பாட்டில் இரண்டு வாங்கினேன். மூன்றாவது வாங்கவில்லை. வெந்நீர்தான். சும்மா கை பொறுக்கிற வெந்நீர் இல்லை, 60 டிகிரிக்குக் குறையாமல் அரை மணி நேரம். படர்தாமரைப் பூஞ்சைக்கு அந்தச் சூட்டைத் தாங்க முடியாது. குளிக்கிற சூடு 40 டிகிரி இருக்கும், அதை நம்பக் கூடாது. எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிற பாய்லர் எப்படியும் தினமும் எரிகிறது, சீகை விறகு, கற்பூர மரச் சிராய், செலவு ஒன்றுமில்லை. எல்லாரும் குளித்து முடித்த பிறகு இன்னொரு பாய்லர் காய வைத்து, அண்டாவில் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, துணியை அமுக்கி, மேலே தட்டு போட்டு மூடி, சுற்றிலும் கோணிச்சாக்கைச் சுற்றிவிடுவேன். சாக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் இந்தக் குளிருக்குக் கால் மணியில் ஆறிவிடும்.

எட்டாவது வாரம் எல்லாம் சரியாகிவிட்டது. மாத்திரையையும் நடுவில் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து வீடு:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? அலசுகிற தண்ணீரில் பத்துச் சொட்டு நீலகிரித் தைலம், அரை டம்ளர் வினிகர், போதும். எங்கள் பாட்டி காலத்திலிருந்து தைலம்தான். கெமிக்கலே வேண்டாம். நம் ஊரிலேயே காய்ச்சுகிற சரக்கு, நாம்தான் அதன் மதிப்பு தெரியாமல் இருக்கிறோம்.

ரசாயன வாத்தியார் (ஊட்டி):

தைலத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, சளி பிடித்தால் முதலில் அதைத்தான் தேடுவேன். ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஒரு வாளியில் பத்துச் சொட்டு விட்டால் மேலே படலமாக மிதக்கும், இரண்டு துணியில் ஒட்டும், மீதித் துணிக்கு வாசனைகூடப் போகாது. புண்ணான தோலில் நேராகப் பட்டால் எரியும். வினிகர் துணியின் வாடையைக் குறைக்கும், சோப்புப் பிசுக்கை எடுக்கும். அதில் இருக்கிற அமிலம் 4, 5 சதவீதம்தான், அதையும் வாளித் தண்ணீரில் கலந்துவிட்டால் பூஞ்சை வித்தைக் கொல்லும் என்று நம்பி உட்கார முடியாது. வேப்பிலையும் அப்படித்தான். அத்தை மனம் நோகாமல் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே கீழே இருப்பதையும் செய்யுங்கள்.

அந்த விலை கூடின பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருக்கும், பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். சரக்கு அதுதான், மீதி தண்ணீர், வாசனை, நிறம். இதே பொருள் 50 சதவீதக் கரைசலாக ரசாயனக் கடைகளில் கிடைக்கிறது. ஊட்டியில் இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் சொல்லி வாங்கலாம். உங்கள் பாட்டிலில் 2 சதவீதம் என்று போட்டிருந்தால், கடைக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் 24 பங்கு கலந்தால் அதே பலம் வந்துவிடும். அதாவது ஒரு லிட்டர் வாங்கினால் 25 லிட்டர் ஆகும். வேறு சதவீதம் இருந்தால் 50ஐ அதனால் வகுத்து, வருகிற எண்ணில் ஒன்றைக் கழியுங்கள், அத்தனை பங்கு தண்ணீர். அப்புறம் அந்தப் பாட்டிலில் ஒரு சுமைக்கு எத்தனை மூடி ஊற்றச் சொல்லியிருக்கிறதோ அதே அளவு, அதே நேரம்.

ஆனால் கவனம், 50 சதவீதச் சரக்கு விளையாட்டு இல்லை. கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். கையுறை போடாமல் தொடாதீர்கள், பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பையன்கள் இருக்கிற வீடு. கலந்ததையும் மிச்சத்தையும் ஓடையில் ஊற்றாதீர்கள், மீனுக்கு இது விஷம்.

இன்னொன்று, இதில்தான் பாதிப் பேர் காசை வீணடிக்கிறார்கள். இதைச் சோப்புத்தூளோடு சேர்த்து ஊற்றக் கூடாது. சோப்புத்தூளுக்கு எதிர் மின்னேற்றம், இதற்கு நேர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் அழுக்கும் போகாது, பூஞ்சையும் சாகாது. துணியை நன்றாக அலசி, நுரை போன பிறகு, கடைசித் தண்ணீரில் மட்டும். 15 நிமிஷமாவது ஊற வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சவ்லானில் இருப்பது செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும். அதற்கும் இதே விதிதான்.

சீகைவிறகு சொன்ன வெந்நீர்தான் என்னைக் கேட்டால் முதல் வழி. வகுப்பில் நான் வருஷாவருஷம் சொல்வது ஒன்று உண்டு. நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே 92, 93லேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 சுமார். இதனால் பருப்பு வேகத்தான் லேட்டாகும், பூஞ்சைக்கு 60 போதும். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 65, 67க்கு வந்துவிடும். துணியும் பாத்திரமும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் கூட வைத்துக்கொள்ளுங்கள், குறையக் கூடாது.

விறகு இல்லாதவர்களுக்குக் கணக்கு: 20 லிட்டர் தண்ணீரை 15லிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுபோக கிட்டத்தட்ட ஒன்றேகால் யூனிட் மின்சாரம். இலவச யூனிட்டுக்குள் நிற்கிற வீடு என்றால் அந்தச் செலவும் இல்லை. கேஸ் என்றால் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

குன்னூர்க்காரி:

வாத்தியார் சார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரமாக நான் மெஷினில் சோப்புத்தூள் போடுகிற தட்டிலேயே கிருமிநாசினியையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலை மிச்சம் என்று. எத்தனை ரூபாய் சாக்கடையில் போயிருக்கிறதோ.

இரண்டு சந்தேகம். ஒன்று, வீட்டில் ப்ளீச்சிங் பவுடர் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியது. அதைப் போடலாமா? இரண்டு, ஸ்வெட்டர். அவர் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்க மாட்டார், மப்ளர், குரங்குக்குல்லா எல்லாம் கம்பளி. அதை 60 டிகிரியில் போட்டால் என் சின்னவனுக்குத்தான் பொருந்தும்.

ரசாயன வாத்தியார் (ஊட்டி):

ப்ளீச்சிங் பவுடர் மலிவிலும் மலிவு, வேலையும் செய்யும், ஆனால் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். பனியன், வெள்ளை வேட்டி, படுக்கை விரிப்பு. கலர் துணியில் போட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும், எலாஸ்டிக் நைந்துவிடும், கம்பளியில் போட்டால் கம்பளியே கரைந்துவிடும். மிகைப்படுத்தவில்லை, குளோரின் கம்பளி இழையைத் தின்றுவிடும்.

புதுப் பொட்டலத்தில் குளோரின் 30 சதவீதம் போல இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் போட்டால் 0.1 சதவீதக் கரைசல். ஒரு மக்கில் முதலில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியதும் தெளிந்ததை மட்டும் வாளியில் ஊற்றுங்கள், கட்டி துணியில் ஒட்டினால் அந்த இடத்தில் ஓட்டை. துவைத்த துணியை 15 நிமிஷம் ஊற வைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். பொட்டலத்தைத் திறந்து வைத்திருந்தால் நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஒரு மாதத்தில் பலம் போய்விடும். மூக்கில் ஏறுகிற நெடி இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

தோட்டத்து வீட்டுக்காரர் சொன்ன வினிகரை இதோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். கழிப்பறை கழுவுகிற அமிலமும் அப்படித்தான். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு துவைக்கிற ஊர் இது.

ஸ்வெட்டருக்கு நம் மலையிலேயே லாண்டரி நடத்துகிறவர்கள் யாராவது சொல்லட்டும். நான் வாங்கின ஸ்வெட்டரை என் மனைவிதான் துவைக்கிறார்.

தோட்டத்து வீடு:

சரி சார், ஒப்புக்கொள்கிறேன். தைலத்தை மூக்குக்கே வைத்துக்கொள்கிறேன். 😄

ஏரிக்கரை லாண்டரி (கொடைக்கானல்):

ஸ்வெட்டருக்காகத்தான் உள்ளே வந்தேன். நாங்கள் தங்கும் விடுதிகளுக்குப் போர்வை, துண்டு, விரிப்பு துவைத்துக் கொடுக்கிறோம். பதினாலு வருஷம்.

கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர், கம்பளிக்கென்று இருக்கிற திரவ சோப்பு, நன்றாக அலசல், கடைசியில் வாத்தியார் சொன்ன பென்சால்கோனியம். அதற்குச் சூடு தேவையில்லை, அதனால் பாட்டிலை இதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பாட்டில் இரண்டு மாதம் வரும். முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டுக் கிடைமட்டமாகப் பரப்புங்கள். காய்ந்த பிறகு மேலே ஈரப் பருத்தித் துணி போட்டு இஸ்திரி, நீராவி உள்ளே இறங்கும். அதைவிடச் சுலபம், ஸ்வெட்டருக்குள்ளே முழுக்கைப் பருத்தி பனியன் போடச் சொல்லுங்கள். தோலில் படுவது பனியன், அது தினமும் வெந்நீருக்குப் போகட்டும். ஸ்வெட்டர் வாரம் ஒரு முறை போதும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மலையில் துவைப்பது பாதி வேலைதான், காய வைப்பதுதான் மீதி. மொச்சை வாடை வருகிறதென்றால் துணி இன்னும் காயவில்லை, அதில் ஏதோ முளைத்துக்கொண்டிருக்கிறது. துணியில் கறுப்புப் புள்ளி போடுகிற பூஞ்சணம் வேறு, படர்தாமரை வேறு, அது தெரியும். படர்தாமரை கண்ணுக்கே தெரியாது, உதிர்ந்த தோல் துணுக்கில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். என்றாலும் ஈரத் துணியை உடம்பில் போட்டால் இரண்டுக்கும் கொண்டாட்டம்.

மெஷினில் பிழிகிற சுற்றை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறையில் எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று குழாயைப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். கொடியில் ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இடுப்புப் பட்டியை வெளியே திருப்பிப் போடுங்கள். பேண்ட் முழுக்கக் காய்ந்திருக்கும், அந்தப் பட்டி மட்டும் நசநசவென்று இருக்கும், படர்தாமரை உட்காருகிற இடமும் அதுதான். ஒரு மேசை மின்விசிறியை அறைக்கு நடுவில் ஓட விடுங்கள். நிறையப் பேர் மொட்டைமாடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்டு அதன் கீழே காய வைக்கிறார்கள், காயும், ஆனால் அந்த ஷீட் வெயிலின் புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் நல்ல வெயில் ஒரு மணி நேரம் அடித்தாலும் துணியை வெளியே எடுத்து, உட்புறம் மேலே இருக்கிற மாதிரி போடுங்கள். கடைசியாக இஸ்திரி. பருத்திக்கு முழுச் சூடு, தையல், பட்டி, அக்குள் இந்த மூன்று இடத்திலும் கொஞ்சம் நிறுத்தித் தேய்க்க வேண்டும். எலாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

துணி காயவேண்டும் என்று மூடின அறையில் கரி அடுப்பு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கரிப்புகையில் உயிர் போன செய்தி எங்கள் ஊரிலேயே வந்திருக்கிறது.

அழுக்குக் கூடையையும் பாருங்கள். எல்லார் துணியும் ஒரே கூடையில் இரண்டு நாள் கிடந்தால், சின்னவன் துணிக்கும் வித்து வந்துவிடும். அரிப்பு இருக்கிறவர்கள் துணிக்குத் தனி வாளி.

சீகைவிறகு (கோத்தகிரி):

அண்ணா, அந்த இடுப்புப் பட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. எனக்கு இரண்டாம் முறை வந்தது அங்கேதான். தேயிலைக்காட்டில் நனையாமல் இருக்க இடுப்பில் ரப்பர் சீட்டு கட்டுகிறோமே, அதன் உட்பக்கத்தை யாரும் கழுவுவதே இல்லை. நான் இப்போது தினமும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து மாட்டுகிறேன்.

குன்னூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பாய்லர் இல்லை, கீசர்தான். அதில் வருகிற தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரியாமல் தவித்தேன். மேல் வீட்டு அக்கா சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவர், அவரிடம் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. சொல்லாமல் வாங்கினால் பாவம் என்று, துணிக்குள் விடப்போகிறேன் எனச் சொல்லித்தான் கேட்டேன், சிரித்துவிட்டு, பழையது ஒன்றைக் கொடுத்தார். கீசர் குழாயில் பிடித்த உடனே 58. அண்டாவில் ஊற்றித் துணியைப் போட்டதும் 49. அவ்வளவுதான். இத்தனை நாள் நான் வெந்நீர் வெந்நீர் என்று ஊற்றியதெல்லாம் இந்த 49தான். இப்போது கீசர் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டுக் கலக்கிறேன், கேஸும் குறைவாக ஆகிறது. மூடிப் பழைய போர்வையைச் சுற்றி, அரை மணி கழித்துத் திறந்து பார்த்தால் 63.

வெள்ளைத் துணிக்கு வாரம் ஒரு முறை ப்ளீச்சிங் பவுடர். பாட்டில் ஸ்வெட்டருக்கும் பையனின் பள்ளிக்கூட பிளேசருக்கும் மட்டும், இன்னும் முக்கால் இருக்கிறது. 50 சதவீதச் சரக்கு வாங்கவில்லை, சின்னவன் எதை எடுத்தாலும் முகர்ந்து பார்க்கிற ரகம், பயமாக இருந்தது.

எனக்கும் பெரியவனுக்கும் வட்டம் மங்கிவிட்டது. அவருக்கு ஓரம் மட்டும் இருக்கிறது, டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பெல்ட். தோல் பெல்ட்டை என்ன செய்வது?

ஏரிக்கரை லாண்டரி (கொடைக்கானல்):

தோலை வெந்நீரிலும் போட முடியாது, ப்ளீச்சிலும் போட முடியாது. உட்பக்கத்தைத் துடைத்து வெயிலில் போட்டாலும் தையல் இடுக்கில் இருப்பது போகுமா என்று சொல்ல மாட்டேன். தூக்கிப் போட்டுவிட்டு, துவைக்கிற மாதிரி நாடா பெல்ட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், தங்கச்சி.

குன்னூர்க்காரி:

கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த பெல்ட் அண்ணா அது. சரி, அவரிடம் நீங்கள் சொன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.